பிழையின் பெயரைச் சொன்னால் பதில் ஆகிவிடுமா? எண்ணூர் தெருக் குழுவில் நடந்த உரையாடல்

மாடி வீட்டுத் தம்பி: அக்கா, கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்தால் ஆழம் குறையும், ஆழம் குறைந்தால் மழைவெள்ளம் வடியாது, வடியாவிட்டால் தெருவுக்குள் வரும் என்று நீங்கள் எழுதியது ‘ஸ்லிப்பரி ஸ்லோப்’ (வழுக்குச் சரிவு) என்னும் தர்க்கப் பிழை. ஆகவே இதை மேலும் பேச வேண்டியதில்லை.

மீன்கடை அக்கா: இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது முழங்காலளவுதான் நிற்கிறது என்று வலை இழுப்பவர்கள் சொல்கிறார்கள், தம்பி. நான் சொன்னதில் எந்தப் படி தவறு?

மாடி வீட்டுத் தம்பி: அது ‘அனெக்டோட்டல்’ சான்று, அதாவது ஓரிருவர் தாம் கண்டதாகச் சொல்வது மட்டுமே, அக்கா.

ஆசிரியர் ஐயா: தம்பி, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் காரணம் காட்டாமல் தாவினால்தான் அது ஸ்லிப்பரி ஸ்லோப், அக்கா ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறார், அதை மறுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒருவர் கண்டதை வைத்து ஊருக்கே முடிவு கட்டுவது பிழைதான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் தம் வீட்டுச் சுவரில் எந்த உயரம் வரை கறுப்பாக ஒட்டியது என்பதற்கு அந்த வீட்டுக்காரரைவிட நல்ல சாட்சி யார்? பழைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரம் வாதத்தில் தோற்கும் இடங்களாக 22 நிக்கிரகஸ்தானங்களைக் கூறுகிறது. குற்றமில்லாத இடத்தில் குற்றம் சாட்டுவதும் அவற்றுள் ஒன்று. வாதத்தில் உண்மையாகவே ஓட்டை இருந்தாலும், அதனாலேயே முடிவு பொய்யாகிவிடாது. எதிரில் இருப்பவரைப் பேசவிடாமல் செய்வதற்கு இந்தப் பெயர்களைப் பயன்படுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கடைசி வீட்டு அண்ணன்: ஐயா, சாம்பலால் கேடே இல்லை என்று நேற்று எழுதியவரிடம், சாம்பல் லாரி ஓட்டுவதில் உங்களுக்கு வருமானம் உண்டல்லவா என்று கேட்டேன். ‘ஆட் ஹோமினெம்’, அதாவது வாதத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குகிறீர்கள் என்று பதில் வந்தது.

ஆசிரியர் ஐயா: அவர் ஆய்வறிக்கையைக் காட்டியிருந்தால் அறிக்கையைத்தான் நாம் பார்க்க வேண்டும். என் சொல்லை நம்புங்கள் என்று மட்டும் சொன்னால், அவருடைய ஆதாயத்தைக் கேட்பது முறையான கேள்வியே.

மாடி வீட்டுத் தம்பி: சரி ஐயா. எனக்கு இரண்டாவது படியில்தான் ஐயம் இருக்கிறது. கடல் கொண்டுவரும் மணலும் முகத்துவாரத்தை அடைக்கிறதே, வெள்ளம் வடியாததற்கு அதுவே முதன்மைக் காரணமாக இருக்கலாம் அல்லவா?

மீன்கடை அக்கா: முகத்துவாரத்தை மணல் அடைப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே, சாம்பல் படிந்த ஓடையில் தேங்குகிறது. ஞாயிறு காலை வற்றத்தில் வாருங்கள், கழி ஊன்றி இரண்டு இடத்திலும் ஆழம் பார்ப்போம்.