பழைய கட்டிங் மெஷினில் புது பிளேடு ஓடவில்லை, உதவி வேண்டும்

கேள்வி
வணக்கம். துணி அடுக்கை வெட்டும் 8 இன்ச் ஸ்ட்ரெயிட் நைஃப் கட்டிங் மெஷின் (நேராக நிற்கும் பிளேடு மேலும் கீழும் ஓடும் வகை), ரொம்பப் பழசு. பெயர்த் தகட்டில் எழுத்தே தெரியவில்லை. பழைய பிளேடு சாணை ஏறி ஏறி விரல் அகலத்துக்கு ஒடுங்கிவிட்டதால் புதுசு மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, பிளேடு அசையவில்லை. பழையதை மாட்டினால் நன்றாக ஓடுகிறது. புது பிளேடின் முதுகைக் கொஞ்சம் தேய்த்துவிடலாமா?

பதில்
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடு சிக்கிய நிலையில் கரண்ட் கொடுத்தால் மோட்டார் காயில் கருகிவிடும். முதுகைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ஸ்டாண்டர்டின் (பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தூண்) பள்ளத்தில் ஏறி இறங்குவது அந்த முதுகுதான். அது கோணலானால் வெட்டு சாய்ந்து, மேல் துணிக்கும் அடித் துணிக்கும் அளவு மாறிப்போகும்.

வெட்டுத் தாங்கும் கையுறை போட்டுக்கொண்டு மோட்டாரை மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்று முழுக்க இறுக்கமாக இருந்தால் பள்ளத்தில் பஞ்சு அடைத்திருக்கும். ஒரே இடத்தில் தட்டினால் விஷயம் வேறு.

கேட்டவர்
நன்றி சார். மேலே லேசாகப் போகிறது. கீழே வந்ததும் டக்கென்று நிற்கிறது.

பதில்
அப்படியானால் நுனி அடித்தகட்டில் இடிக்கிறது. பிளேடு மாட்டும் இடத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் பிளேடு மேலே ஏறாமல் இப்படி ஆகும். அதைத் துடைத்துவிட்டு, இரண்டு பிளேடுகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, திருகுத் துளைகளை நேராக்கிப் பாருங்கள். இன்ச் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி தலைப்பகுதி மாறும்.

கேட்டவர்
துடைத்தும் அப்படியேதான் இருக்கிறது. வைத்துப் பார்த்தேன், புதுசு நுனியில் 3 மில்லிமீட்டர் நீளம். நுனியை வெட்டிவிட்டால் போதாதா?

இன்னொரு பதில்
வேண்டாம் நண்பரே. கிரைண்டரில் வைத்தால் சூடேறி எஃகின் பதம் போய்விடும். நுனி நீல நிறமாக மாறினால் அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம், அதில் கூர் நிற்காது. வேகமாக ஓடும் கத்தியில் இந்த விஷப்பரீட்சை கூடாது. மாற்றித் தரச் சொல்லுங்கள். வாங்கப் போகும்போது பழைய பிளேடைக் கெட்டி அட்டையில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். முழு நீளம், துளை இருக்கும் இடம், முதுகின் தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

மெஷின் திறந்திருக்கும்போதே பள்ளத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். பல பழைய மெஷின்கள் இந்தக் கவனிப்பு இல்லாமல்தான் வீணாகின்றன. சரியான பிளேடு வந்ததும் திருகை முழுக்க முடுக்கி, கையால் சில சுற்று சுற்றி, எங்கும் தட்டாவிட்டால் மட்டும் பிளக்கைச் சொருகுங்கள். அப்புறம் கழிவுத் துணியில் ஓட்டுங்கள். எண்ணெய்க் கறை படிவது நின்ற பிறகு நல்ல துணியை வைக்கலாம்.