மணப்பாட்டை அடுத்த ஊரில் திமிங்கல ஆவணப்படம் திரையிடல்: ஆலோசனை தேவை

கேள்வி – நெய்தல் வாசகர்

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள எங்கள் கடற்கரை ஊரில், வாசகர் வட்டத்தின் சார்பில் திமிங்கலங்களைப் பற்றிய ஆங்கில ஆவணப்படம் ஒன்றைப் பொதுக்கூடத்தில் திரையிட எண்ணியுள்ளோம். வருபவர்களில் பாதிப் பேர் கடலுக்குச் செல்பவர்கள். 2016 ஜனவரியில் இக்கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியபோது அவற்றைத் திரும்பக் கடலுக்குள் தள்ளிவிட்டவர்களும் அவர்களில் உண்டு. மாதச் சந்தா கட்டியுள்ள இணையத் தளத்திலிருந்தே படத்தை ஓட்டலாமா? வசன வரிகளைப் படிக்க இயலாத முதியவர்களுக்கு என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி – ஒலிப்பெட்டி

சந்தா என்பது வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே; நுழைவுக் கட்டணம் வாங்காவிட்டாலும் உரிமையாளரிடம் எழுத்துவழி அனுமதி பெற்றுவிடுங்கள்.

அதைவிட நான் வலியுறுத்த விரும்புவது ஒலியமைப்பை. நீலத் திமிங்கலத்தின் குரல் பெரும்பாலும் நம் செவி உணரும் கீழ் எல்லையான 20 ஹெர்ட்சை ஒட்டியே இருப்பதால், சிறிய ஒலிபெருக்கியில் அது அறவே எழாது. ஒலிப்பதிவின் வேகத்தைக் கூட்டினால்தான் நமக்குத் தெளிவாகக் கேட்கும். கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டு அப்படியன்று. 1970-இல் இசைத்தட்டாக வெளிவந்து, திமிங்கல வேட்டைக்கு எதிரான மனநிலையை உலகெங்கும் வளர்த்த பாட்டு அது. அந்தப் பகுதி வரும்போது விளக்கவுரையை நிறுத்திவிட்டு, கூடம் அமைதியாகக் கேட்கட்டும்.

மறுமொழி – உப்பங்காற்று

வசன வரிகளை நம்பாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் ஒலிவாங்கியுடன் திரையருகே அமர்ந்து, காட்சிக்குக் காட்சி ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவந்தார். அன்று எவரும் பாதியில் எழுந்து போகவில்லை. அப்படிச் சொல்பவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 2016-இல் ஒதுங்கியவை குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கலங்கள், பெயரில் திமிங்கலம் என்று இருந்தாலும் அவை ஓங்கில் (டால்பின்) குடும்பத்தைச் சேர்ந்தவை. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பினால், தள்ளிவிட்டவற்றில் பல மீண்டும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. 1973-இலும் இதே கரையில் 147 ஒதுங்கியதாகப் பதிவு உள்ளது.

அம்பர்கிரிஸ் என்னும் விலைமிக்க மெழுகு போன்ற பொருளைப் பற்றிய கேள்வி எழாமல் இராது. விலையைப் பற்றிய பேச்சாக அதை வளரவிடாமல், அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகிறது என்பதையும், அதை வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி – கரைவலை

உப்பங்காற்று ஐயா கூறியவற்றில் ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். 2016 நிகழ்வை மேடையிலிருந்து விளக்க வேண்டாம். அன்று கழுத்தளவு நீரில் நின்றவர்களுக்கு நாம் எண்ணிக்கை சொல்வது சற்று வேடிக்கையாக இருக்கும். படம் முடிந்ததும் ஒலிவாங்கியை முதலில் அவர்களிடம் கொடுங்கள். ஒதுங்கியதற்கான காரணம் உறுதியாகவில்லை என்பதால், அவர்கள் கண்ட காற்றும் நீரோட்டமும் கேட்கத் தக்கவையே.

நெய்தல் வாசகர்

மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரார் தொழிலுக்குச் செல்வதில்லை என்பதால் சனிக்கிழமை இரவு திரையிட முடிவு செய்துள்ளோம். அனுமதி கேட்டு இன்றே எழுதுகிறேன். விளக்கவுரைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இசைந்திருக்கிறார். அவரும் அன்று கடலில் இறங்கியவர்தாம்.