1929 சிறுவர் உதவி இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களா?

மாலைவகுப்பு ரீச்சர்:
மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு கிராமத்தில் பின்னேரங்களில் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சும்மா படிப்பித்து வருகிறேன். அதில் நாலாம் ஆண்டுப் பொடியன் ஒருவன். பிஸ்கட் கொடுத்தால் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் காற்சட்டைப் பைக்குள் வைப்பான். தங்கச்சிக்காம். விரலிடுக்கெல்லாம் சொறி. கிழமையில் இரண்டு நாள்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

போன செவ்வாய் அவன் வீட்டுக்குப் போனேன். நாலு வயதுத் தங்கச்சியின் காலைப் பழைய சேலைத் துண்டால் கட்டிலோடு கட்டியிருந்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டாட்டிக் கிணத்தடிக்குப் போயிருவாள் மகள். எனக்குக் கண்ணும் தெரியுதில்ல." காலில் உரசாமலிருக்க முடிச்சுக்குக் கீழே பஞ்சு வைத்திருந்தார். தாய் குவைத்தில். அனுப்புகிற காசு தகப்பனின் வங்கிப் புத்தகத்துக்கு வருகிறது, அங்கிருந்து கசிப்புக்கு, கள்ளச்சாராயத்துக்குத்தான், போகிறது. அப்பா அடிக்கிறாரா என்று பொடியனிடம் கேட்டேன். வாயே திறக்கவில்லை.

இதைத் துஷ்பிரயோகம் என்று சொல்லலாமா? சொன்னால் இரண்டு பேரையும் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள், கிழவி மேல் வழக்கு வரும் என்று அயலில் பயமுறுத்துகிறார்கள்.

ஊர்வாசி77:
ரீச்சர், அடுத்த வீட்டு வில்லங்கம் நமக்கு எதற்கு? தகப்பன் நாளைக்கு உங்கள் வாசலில் வந்து நிற்பான்.

பழைய ஜீ.எஸ்:
தங்கச்சி, முப்பது வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்தவன் நான். அடி விழுந்தால்தான் துஷ்பிரயோகம் என்று நம் சனம் நினைக்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவைப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழான பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே கவனியாமல் விட்டு, அதனால் பிள்ளைக்குத் துன்பம் வரக்கூடுமென்றால் அதுவும் குற்றம்தான். இரண்டு முதல் பத்து வருடம் சிறை. 'வேண்டுமென்றே' என்ற சொல் முக்கியம். பஞ்சு வைத்துக் கட்டிய கிழவி எங்கே, பிள்ளைகளின் காசில் குடிக்கிறவர் எங்கே!

இல்லத்துக்கு எடுத்த எடுப்பில் அனுப்புவதில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். தகுதியான உறவினரிடம் ஒப்படைக்க 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நம் பக்கத்தில் தாய்வழிச் சனம் ஒரே வளவைச் சுற்றித்தானே குடியிருக்கும், ஒரு சின்னம்மா பெரியம்மா கூடவா இல்லை?

முதலில் டீ.எஸ். ஒபிஸில், அதுதான் பிரதேச செயலகத்தில், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகாததையும் சொல்லுங்கள், 16 வயது வரை கட்டாயம். காயம் கண்டால், வேறு விதமாகத் தொட்டிருப்பார்கள் என்று சந்தேகம் வந்தால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1929. நடுச்சாமத்திலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு போகாது.

வாவிக்கரையான்:
என் அம்மாவும் குவைத்தில்தான் இருந்தா. நான் ஆறு வருடம் இல்லத்தில் வளர்ந்தவன். குறை சொல்லமாட்டேன், மூன்று நேரமும் சோறு கிடைத்தது. ஆனால் தங்கச்சியை வேறு இல்லத்தில் விட்டார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்ப்பேன். அதனால் எங்கே போனாலும் இரண்டு பேரையும் பிரிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. அடிக்கிறாரா, அடிக்கிறாரா என்று அவனைக் குடையாதீர்கள். என்னை அப்படிக் கேட்ட எல்லாருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். கேட்காமல் பக்கத்தில் இருந்த ஒருவரிடம் ஒருநாள் நானாகச் சொன்னேன்.

மாலைவகுப்பு ரீச்சர்:
வியாழன் டீ.எஸ். ஒபிஸுக்குப் போனேன். முதல் மேசையில் "எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ" என்றார்கள். நான் எழும்பவில்லை. பின்னேரம் அந்த உத்தியோகத்தர் தன் மோட்டார் சைக்கிளிலேயே வந்தார். தாயோடு வட்ஸ்அப்பில் பேசினோம். மகளைக் கட்டிப்போட்டது தெரிந்ததும் அந்தத் தாய் அழுத அழுகையை எழுத முடியவில்லை. இனிக் காசு அம்மம்மாவின் புத்தகத்துக்கு வரும்.

ஐயா சொன்னது சரி, சின்னம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு வளவு தள்ளி. காணிச் சண்டையில் மூன்று வருடமாகப் பேச்சில்லை. நேற்று அவரே சோறு கொண்டுவந்தார், படலைக்குள் மட்டும் வரவில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் திங்கள் வருகிறாராம். தகப்பன் விஷயம் அதற்குப் பிறகுதான்.

கிணற்றுக்குக் கட்டு இல்லை. பழைய தகரம் யாரிடமாவது இருக்கிறதா? நாலு தகடு போதும், நானே வந்து எடுப்பேன்.