சொப்ட்போல் எறியும் மகளுக்கு ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். 13 வயது மகள் பாடசாலை அணியில் சொப்ட்போல் எறிகிறாள் (கிரிக்கெட் இல்லை, கையைச் சுழற்றிக் கீழிருந்து எறிவது). நல்ல வேகம். ஆனால் கை இடுப்பைத் தாண்டிய பிறகே பந்தை விடுகிறாள், அது தலைக்கு மேலால் போகிறது.

மாமரத்தில் உரச்சாக்கைக் கட்டி, 10 அடியில் நின்று மணிக்கட்டை மட்டும் சொடுக்கி 30 பந்து, அப்புறம் ஒரு முழங்காலை ஊன்றி 20 பந்து எறிய விடுகிறேன். கிட்ட நின்றால் சரி. 40 அடிக்குப் போனதும் பழையபடிதான். முற்றத்தில் கோடு கீறிப் பார்த்தேன், முன்கால் கோட்டுக்குக் குறுக்கே விழுகிறது. அதுதான் காரணமோ?

நேற்றுத் தோள் நோகுது என்றாள், அதுதான் பயம். இன்றைக்கு எறிய விடவில்லை. இந்த வயதில் ஒரு நாளைக்கு எத்தனை பந்து போதும்? விளையாடிய அக்காமார், பயிற்றுநர்கள் சொல்லுங்கோ. வவுனியா, முல்லைத்தீவு என்றாலும் கூட்டிக்கொண்டு வருவேன்.