தெப்பத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தோள்கள் எங்கிருந்து வந்தன?

கரித்துண்டு:
பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த 'மெடூசாவின் தெப்பம்' தான் உள்ளதை உள்ளபடி காட்டும் மேற்கத்திய யதார்த்தவாத ஓவியத்தின் தொடக்கம் என்றும், கூர்பே என்ற மற்றொரு பிரெஞ்சு ஓவியர் அவருக்குப் பின்னால் வந்து பெயரைத் தட்டிச் சென்றவர் என்றும் நண்பர் நீலச்சாயம் வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். அங்கே பாராட்டுகள் குவிந்துகொண்டிருந்தமையால் விழாவைக் கெடுக்க விரும்பாமல் இங்கே எழுதுகிறேன். 1816 ஜூலையில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் மணல்திட்டில் சிக்கியது. படகுகளில் இடம் கிடைக்காத ஏறத்தாழ 150 பேர் ஒரு தெப்பத்தில் ஏற்றப்பட்டு நடுக்கடலில் கைவிடப்பட்டனர். 13 நாள்களுக்குப் பின் ஆர்கஸ் என்ற கப்பல் அவர்களைக் கண்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். மனித இறைச்சியைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். ஓவியத்திலோ ஒவ்வொருவருக்கும் கிரேக்கச் சிலையின் முதுகும் தோளும் இருக்கின்றன. இது யதார்த்தவாதம் என்றால் அந்தத் தெப்பத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடமும் இருந்திருக்க வேண்டும்.

நீலச்சாயம்:
ஐயா ஓவியத்தைப் பார்க்காமல் தசையை மட்டும் பார்த்திருக்கிறார். ஜெரிக்கோ உயிர் தப்பிய கொரேயாரையும் சவிஞியையும் நேரில் சந்தித்துக் கேட்டார். தெப்பத்தைக் கட்டிய தச்சரைக் கொண்டே அதன் மாதிரியைச் செய்வித்தார். போழோன் மருத்துவமனைக்குச் சென்று இறப்பவர்களையும் இறந்தவர்களையும் வரைந்தார். வெட்டுண்ட கைகால்களைத் தம் ஓவியக்கூடத்திற்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். ஆண்ட அரசுக்குச் சங்கடம் தந்த ஒரு நடப்புச் செய்தியை, அரசர்களின் வெற்றிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பேரளவில், ஏறத்தாழ 5 மீட்டர் உயரமும் 7 மீட்டர் அகலமும் உள்ள துணியில் 1819இல் காட்சிக்கு வைத்தவரை யதார்த்தவாதி என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

கரித்துண்டு:
அவர் மருத்துவமனைக்குச் சென்றது எனக்கும் தெரியும். அங்கே சென்று, பிணங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தும் அந்தத் தோள்களைத்தான் வரைந்தார் என்பதே என் குற்றச்சாட்டு. ஆர்கஸ் தென்பட்ட காலையில் வெயில் அடித்தது, கடல் அமைதியாக இருந்தது. ஓவியத்தில் கருமேகமும் மலைபோன்ற அலையும் இருக்கின்றன. உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூம்புபோல உயர்ந்து, உச்சியில் ஒருவன் துணியை வீசுகிறான். உணர்ச்சியை எழுப்புவதற்காக உண்மையைத் திருத்துவதற்கு ரொமாண்டிசிசம் என்று பெயர். கூர்பேயின் 'கல்லுடைப்போர்' ஓவியத்தில் கிழவரின் காலுறை குதிகாலில் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலைத் தைத்துக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

மஞ்சள்சுவர்:
கூர்பேயும் அந்த இருவரைச் சாலையில் கண்டு, பிறகு தம் ஓவியக்கூடத்திற்கு வரவழைத்து நிற்கவைத்துத்தான் வரைந்தார் என்பதைக் கரித்துண்டு வசதியாக மறந்துவிட்டார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் அந்த ஓவியத்தை நேரில் பார்த்தால், அதுவும் எவ்வளவு திட்டமிட்டு அமைக்கப்பட்டது என்பது விளங்கும்.

கரித்துண்டு:
டிரெஸ்டனில் அதை நேரில் பார்க்க வேண்டுமானால் 1945 பிப்ரவரிக்கு முன்பே பயணச்சீட்டு எடுத்திருக்க வேண்டும், குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. ஓவியர் மில்லேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' பற்றிய இழையில், தொலைவில் வலப்புறம் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளரை மரம் என்று சாதித்தவரும் தாங்கள்தானே?

மஞ்சள்சுவர்:
மரம் என்று நான் சாதிக்கவில்லை. சிறிய அச்சுப்படத்தில் மரம்போலத் தெரிகிறது என்று எழுதினேன். டிரெஸ்டன் ஓவியம் என்றுதான் அதை உலகமே குறிப்பிடுகிறது. இன்றும் அங்கே தொங்குகிறது என்று நான் எங்கும் எழுதவில்லை.

புதுவாசகன்:
இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரொமாண்டிசிசம், யதார்த்தவாதம் இரண்டுக்கும் எல்லை எது என்று யாரேனும் முதலில் சொன்னால் என் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

கரித்துண்டு:
எல்லை அந்தத் தோள்களிலேயே இருக்கிறது, தம்பி.

நீலச்சாயம்:
மீண்டும் தோள். கொரேயாரும் சவிஞியும் தாங்களே மாதிரியாக நின்று அந்த ஓவியத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள். தெப்பத்தில் இருந்த மனிதனையே வரைந்ததைவிடப் பெரிய யதார்த்தத்தைக் கரித்துண்டு எங்கே தேடுகிறார்?

கரித்துண்டு:
இரண்டாண்டுகளுக்கு மேல் பாரிசில் உண்டு தேறிய பிறகு நின்றார்கள். குப்புறக் கிடக்கும் ஓர் உருவத்திற்கு மாதிரியாகக் கிடந்தவர், பின்னாளில் பெயர்பெற்ற ஓவியரான இளம் டெலக்ருவா. அவர் 13 நாள் பட்டினி கிடந்ததாக நீலச்சாயத்திடம் ஆதாரம் இருந்தால் வெளியிடட்டும். மீட்கப்பட்டவர்கள் வெயிலில் தோல் உரிந்து, கண் குழிவிழுந்து கிடந்தார்கள் என்று தப்பியவர்களே 1817இல் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். ஜெரிக்கோ அதைப் படித்தவர். படித்தும் வரையவில்லை.

நீலச்சாயம்:
எலும்பும் தோலுமாக வரைந்திருந்தால் 1819இல் சலோன் என்ற பாரிசின் அரசு ஓவியக் கண்காட்சியில் அதை மாட்டவிட்டிருப்பார்களா? காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கரித்துண்டு:
கூர்பேக்கும் அதே வாய்ப்பு வந்தது. 1855இல் 'ஓர்னானில் ஓர் அடக்கம்' உள்ளிட்ட ஓவியங்களைப் பாரிஸ் உலகக் கண்காட்சியின் தேர்வுக்குழு மறுத்தபோது, அவர் தம் ஊர்க்காரர்களின் முகங்களைத் திருத்திக் கொடுக்கவில்லை; கண்காட்சிக்கு அருகிலேயே கூடாரம் அமைத்து, யதார்த்தவாதம் என்று வாயிலில் பெயரும் எழுதி, கட்டணம் வாங்கிக் காட்டினார். மாட்டமாட்டார்கள் என்று அஞ்சித் தசை சேர்ப்பவரைத் தாங்கள் முன்னோடி என்கிறீர்கள்.

நீலச்சாயம்:
அஞ்சித் தசை சேர்த்தார் என்பது தங்கள் கற்பனை. ஜெரிக்கோவைத் தாழ்த்தினால்தான் கூர்பே உயர்வார் என்றால், அந்த உயரம் எவ்வளவு என்று மற்றவர்கள் அளந்துகொள்ளட்டும். இடப்புறம் மகனின் உடலை மடியில் கிடத்தி, கப்பலைத் திரும்பியும் பாராமல் அமர்ந்திருக்கும் முதியவரைப் பற்றித் தாங்கள் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.

கரித்துண்டு:
எழுதுகிறேன். அந்த முதியவரின் கையைப் பெரிதாக்கிப் பாருங்கள், பிறகு பேசலாம்.