கார் வராத சரளைப் பாதை: பிட்ஸ்பர்க்–கம்பர்லேண்ட், பன்னிரண்டு வயது மகளோடு போகலாமா?

எடிசன் அப்பா:

வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள். மூன்று பேரிடமும் சாதாரண ஹைப்ரிட் சைக்கிள், 35 மி.மீ. டயர். போன மே மாதம் வீட்டுத் தெருவிலேயே ஒரு பிக்கப் வண்டி மகளின் ஹேண்டில்பாரை உரசிவிட்டுப் போனது. அடி ஒன்றும் இல்லை, ஆனால் அன்றிலிருந்து ரோட்டில் ஓட்டமாட்டேன் என்கிறாள். காரே வராத பாதையாகத் தேடியதில், பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலேண்டின் கம்பர்லேண்ட் வரை போகும் கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அக்டோபர் நடுவில் மூன்று நாள் லீவு போடுவதாக இருக்கிறேன்.

மலைப் பாதை என்கிறார்களே, பழக்கமில்லாதவர்களால் ஏற முடியுமா? சரளை என்றால் எப்படிப்பட்ட சரளை? (சரளை என்றதும் எனக்கு எங்கள் ஊரில் தார் போடுவதற்கு முன் ஆறு மாதம் கொட்டிக் கிடக்கும் முக்கால் இன்ச் ஜல்லிதான் நினைவுக்கு வருகிறது.) எந்த முனையில் ஆரம்பிப்பது? நாங்கள் சைவம், வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நடுவில் ஒரு நீளமான டனல் இருக்கிறதாம். மகளுக்கு இருட்டென்றால் கொஞ்சம் பயம்.

பிட்ஸ்பர்க் பழசு:

இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பாதையை முழுசாக நான்கு தடவை ஓட்டியிருக்கிறேன், துண்டு துண்டாக ஓட்டியதற்குக் கணக்கே இல்லை. தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

முதலில் மலை பயத்தை விடுங்கள். கானல்ஸ்வில்லிலிருந்து கம்பர்லேண்ட் வரை அது பழைய வெஸ்டர்ன் மேரிலேண்ட் ரயில்வேயின் தடம். கூட்ஸ் வண்டி செங்குத்தாக ஏறாது, அதனால் அந்தக் காலத்து எஞ்சினியர்கள் மலையைக் குடைந்து, பள்ளத்துக்குப் பாலம் கட்டி, ஏற்றத்தைப் பல மைலுக்குப் பரப்பி வைத்துவிட்டார்கள். 1975 வாக்கில் ரயில் நின்றது. 1986-ல் ஒஹையோபைல் பக்கம் முதல் துண்டை சைக்கிளுக்குத் திறந்தார்கள், பிட்ஸ்பர்க் நடு ஊர் வரை வந்து சேர 2013 ஆகிவிட்டது. மொத்தம் 150 மைல். மைல்கல் கம்பர்லேண்டில் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும்.

உச்சி 2,392 அடி. பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் அதை 126 மைலில் ஏறுவீர்கள், ஏறுவதே தெரியாது. கம்பர்லேண்டிலிருந்து வந்தால் அதே உயரத்தை 24 மைலில் ஏற வேண்டும். செங்குத்து இல்லைதான், ஆனால் விடவே விடாது. மூன்று மணி நேரம் ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம், குழந்தைக்கு பத்தாவது மைலிலேயே அலுத்துவிடும்.

அதனால் முழுப் பாதையையும் எடுக்காதீர்கள். காரைக் கம்பர்லேண்டில் விட்டுவிட்டு, ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப் போகும் வேனை முன்கூட்டியே பேசி ஒஹையோபைலில் போய் இறங்குங்கள். அங்கிருந்து கம்பர்லேண்ட் 72 மைல். முதல் நாள் ராக்வுட் வரை 28, இரண்டாம் நாள் மேயர்ஸ்டேல் வரை வெறும் 12, கடைசி நாள் 32. இரண்டாம் நாள் வீண் என்று தோன்றும். தோன்றட்டும். முதல் நாள் உட்கார்ந்த இடம் அப்போதுதான் வலிக்க ஆரம்பிக்கும்.

முதல் நாளில்தான் காடு. ஒஹையோபைலில் அருவியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பத்து மைல் போல யாக் ஆறு கூடவே வரும். (முழுப் பெயர் யாக்கியகேனி. இந்த ஊரில் யாரும் முழுசாகச் சொல்லமாட்டார்கள்.) அக்டோபர் நடுவில் மேப்பிள் இலை மஞ்சளும் செம்மண் நிறமுமாகப் பாதையை மூடிக் கிடக்கும். அடுத்த ஊர் கான்ஃப்ளூயன்ஸ், மூன்று நீர் கூடும் இடம், நம் முக்கூடல் மாதிரி. அதற்கப்புறம் காசல்மேன் ஆறு. எதிர்க்கரையில் இன்னும் கூட்ஸ் ரயில் ஓடுகிறது. ராத்திரி தங்கும்போது ஊளைச் சத்தம் கேட்டால் உங்கள் மகள் பயப்பட வேண்டாம், அது ரயில்தான்.

சரளை விஷயம். ஜல்லி இல்லை, சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துக் கொட்டி உருளை விட்டு அழுத்திய தரை. காய்ந்திருந்தால் வாசல் தெளித்துப் பெருக்கிய மண் தரை மாதிரி இறுகிக் கிடக்கும், டயருக்கடியில் சர்ரென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். 35 போதும். நனைந்தால் கதை வேறு. சாம்பல் நிறத்தில் தோசை மாவு பதத்துக்கு வந்து பின்சக்கரம் அள்ளி முதுகில் இறைக்கும். காய்ந்ததும் காலெல்லாம் திருநீறு பூசியது போல ஆகிவிடும். மட்கார்டு இல்லாமல் போகாதீர்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு அக்டோபரில் கான்ஃப்ளூயன்ஸிலிருந்து மேயர்ஸ்டேல் வரை விடாத தூறல். அந்தக் கல் மாவு சங்கிலிக்குள் புகுந்து அம்மிக்கல் சத்தம். சங்கிலி எண்ணெய் வீட்டு மேஜை மேலேயே இருந்தது. பையில் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் டப்பா இருந்தது. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று, தங்கிய வீட்டில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சங்கிலியைத் துடைத்து ஒவ்வொரு கண்ணியாகத் தடவினேன். சத்தம் நின்றது. பெருமையாக சைக்கிளை வெளியே ஷெட்டில் விட்டுவிட்டுப் படுத்தேன். ராத்திரி குளிர் சுழியம் டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. காலையில் பார்த்தால் சங்கிலி முழுக்க வெள்ளையாக உறைந்து, கியர் பல்லுக்குப் பல் மெழுகு அடைத்த மாதிரி. பின் கியர் மாறவே இல்லை. வீட்டுக்கார அம்மா ஒரு கெட்டில் வெந்நீர் கொடுத்தார். ஊற்றிக் கழுவிவிட்டு, உச்சி வரை ஒரே கியரில் கீச் கீச்சென்று ஏறினேன். இரண்டு அவுன்ஸ் சங்கிலி எண்ணெயும் ஒரு பழைய பனியன் துணியும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

சாப்பாடு: ஊர்களில் சைவம் என்றால் சீஸ் பீட்சா, உருளைக்கிழங்கு, பான்கேக். ஒரு வேளைக்குச் சரி. நான் முந்தின நாள் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய் புளியோதரை வாங்கிக்கொள்வேன், இரண்டு நாள் தாங்கும். உங்கள் வழியில் அந்தக் கோயில் வராது, வீட்டிலேயே கிளறிக் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம், பல கடைகள் வார நாளில் திறந்திருக்கும் என்று நம்பி வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

டனல்: பெயர் பிக் சாவேஜ். சுமார் 3,300 அடி, அதாவது ஒரு கிலோமீட்டர். உள்ளே வரிசையாக விளக்கு உண்டு, இருந்தாலும் ஆளுக்கொரு முன்விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஜில்லென்று இருக்கும், ஜாக்கெட்டை வாசலிலேயே போட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள், அக்டோபரில் கவலையில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்ததும் மலைச்சரிவு முழுசாகக் கண்முன் விரியும், பெஞ்சும் இருக்கிறது. என் மனைவி முதல் தடவை அதில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மேரிலேண்ட் மலர்:

பிட்ஸ்பர்க் அண்ணன் சொன்ன எல்லாம் சரி, இறங்கு திசையைத் தவிர. நான் கம்பர்லேண்டிலிருந்துதான் ஏறினேன், ஐம்பத்தொரு வயதில். மெதுவாக ஏறினால்தான் காட்டைப் பார்க்க முடியும், இறங்கும்போது பிரேக்கைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் குழந்தையோடு என்பதால் விட்டுக்கொடுக்கிறேன்.

எடிசன் தம்பி, ஃப்ராஸ்ட்பர்க்கில் சாப்பிட நிறுத்தினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஊர் மேலே, பாதை கீழே. வளைந்து வளைந்து ஏறும் ஒரு சின்னப் பாதை உண்டு, நான் தள்ளிக்கொண்டுதான் போனேன். அங்கிருந்து கம்பர்லேண்ட் வரை சுற்றுலா ரயில் தண்டவாளம் பக்கத்திலேயே வரும். பிரஷ் டனலில் ரயிலும் சைக்கிளும் ஒரே குகை. ரயில் வருகிற நேரமாக இருந்தால் வெளியே நின்று கையசைத்துவிட்டு, புகை அடங்கியதும் போங்கள்.

இன்னொன்று, உண்ணி. பென்சில்வேனியாவில் அது கடித்து வரும் லைம் நோய் அதிகம். புல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட வேண்டாம், பெஞ்சு பார்த்து உட்காருங்கள். சாயங்காலம் குளிக்கும்போது மகளின் முழங்கால் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள்.

சங்கிலி:

யாராவது உற்சாகத்தில் கம்பர்லேண்டிலிருந்து அப்படியே வாஷிங்டன் வரை கால்வாய்க் கரையில் போகலாம் என்பார்கள். அது சி அண்ட் ஓ, 184.5 மைல், சமதளம்தான். ஆனால் தரை களிமண் கலந்தது, மழை பெய்தால் வயல் வரப்பு. பா பா என்று ஒரு டனல், 3,118 அடி, உள்ளே விளக்கே கிடையாது. இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு இந்த வருஷம் வேண்டாம்.

எடிசன் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. வேனுக்கும் மூன்று இரவு தங்கவும் பதிந்துவிட்டேன், முதல் ராத்திரி ஒஹையோபைலிலேயே. தேங்காய் எண்ணெய்க் கதையை வாசித்துக் காட்டினேன், மகள் சிரித்தாள். ஆனால் டனலுக்குள் எத்தனை நிமிஷம் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

பிட்ஸ்பர்க் பழசு:

மெதுவாக ஓட்டினால் ஆறு நிமிஷம். நேரான டனல், அந்தப் பக்கத்து வெளிச்சம் சின்னப் புள்ளியாகத் தெரியும், அது பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். பனிமூட்டம் இருந்தால் மட்டும் புள்ளி தெரியாது. அப்போது பாடச் சொல்லுங்கள், உள்ளே நன்றாக எதிரொலிக்கும்.