இன்லைன் சிக்ஸ் எஞ்சின் கட்டிய அனுபவங்கள்: உங்கள் கதையையும் எழுதுங்கள்

ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் பழைய எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் கதையில் இருந்து தொடங்குகிறேன். எந்த எஞ்சின், என்ன செய்தீர்கள், எது உடைந்தது, எது கைகொடுத்தது என்று நீங்களும் எழுதுங்கள்.

என்னுடையது செவ்ரோலெட் 235, அதாவது 235 கன அங்குல எஞ்சின். 1953-ல் முதல் கார்வெட்டில் மூன்று கார்புரேட்டரோடு 150 குதிரைத்திறனுக்கு ஏற்றப்பட்டு, 'புளூ ஃபிளேம்' என்ற பெயரில் வந்த அதே குடும்பம். என் கைக்கு வந்தது சாதாரண காரில் இருந்த ஒற்றைக் கார்புரேட்டர் எஞ்சின். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஐடிலிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம், ஏற்றத்தில் இழுவை இல்லை. இன்லைன் சிக்ஸ் நடுங்கக் கூடாது. பிஸ்டன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஏறி இறங்கும். 1-ம் 6-ம் ஜோடி, 2-ம் 5-ம் ஜோடி, 3-ம் 4-ம் ஜோடி. முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பேலன்ஸ் ஷாஃப்ட் எதுவும் இல்லாமலே இவ்வளவு அமைதியாகச் சுற்றக்கூடிய எஞ்சின் நடுங்கினால், ஆறில் ஏதோ ஒன்று தன் பங்கைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாகப் பெஞ்சில் அடுக்கினேன். 3-ம் 4-ம் கரி பிடித்துக் கிடந்தன. 1-ம் 6-ம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. நடுவில் ஒரே கார்புரேட்டர், இரண்டு பக்கமும் கலவையைக் கொண்டுபோகும் நீளமான குழாய், அதாவது மேனிஃபோல்டு. பக்கத்தில் இருப்பவனுக்குப் பெட்ரோல் நிறைய, கடைசியில் இருப்பவனுக்குக் காற்றுதான் மிச்சம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிண்டர்களை மேலே மூடும் இந்த ஹெட்டில், ஆறு சிலிண்டருக்கும் கலவை நுழைய மூன்றே இன்டேக் துவாரங்கள்; 1-2, 3-4, 5-6 என்று இரண்டிரண்டு பேருக்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-5-3-6-2-4. ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். நடுத் துவாரம், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் அச்சின் 360 டிகிரிக்கு ஒருமுறை சீராக உறிஞ்சும். ஓரத்துத் துவாரங்கள் இரண்டும் 240, 480 என்று ஏறுமாறாக உறிஞ்சும். அன்றைக்குத்தான் எனக்கு இந்த எஞ்சின் புரிந்தது. இதில் வேகம் கூட்டுவது என்றால் ஆறு பேருக்கும் சமமாகப் பரிமாறுவது. பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் அச்சு), பெரிய கார்புரேட்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஞ்சினை இறக்கினேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல். இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்தவை. அந்த நடு போல்ட்டுகளை முதலில் முறுக்கிவிட்டு ஹெட்டில் மாட்டினால், சூட்டில் விரிய இடமில்லாமல் வெடிக்கும். இணைப்பைத் தளர்வாக விட்டு, ஹெட்டில் உட்காரவைத்துச் சரியாகப் பொருந்திய பிறகே அதை முறுக்க வேண்டும். எனக்கு முன்னால் யாரோ அதைச் செய்யவில்லை. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் ஷாஃப்ட்டுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயில் கசடு கெட்டியாக அடைத்திருந்தது. ராக்கர்கள் ஆயிலே பார்க்காமல் எத்தனை நாள் ஓடினவோ!

சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேலை முடிந்து வந்ததும் புதுப் பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்தேன். ராடின் பெரிய முனையையும் சின்ன முனையையும் தனித்தனியாக எடை பார்த்து, இருப்பதிலேயே எடை குறைந்ததை அளவாக வைத்து மற்ற ஐந்தையும் தேய்த்துக் கொண்டுவந்தேன். மூன்று சாயங்காலம் ஆனது. இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கை சும்மா தேய்த்துக்கொண்டிருக்கும், மனசு முழுவதும் அந்த முள்ளின் மேலேயே இருக்கும்.

அப்புறம் இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டும், எக்ஸாஸ்ட்டை இரண்டாகப் பிரிக்கும் வார்ப்பிரும்பு ஹெடர்களும். முன்குழாயில் 1, 2, 3. பின்குழாயில் 4, 5, 6. ஃபயரிங் ஆர்டரை மறுபடி பாருங்கள்: முன், பின், முன், பின் என்று மாறி மாறி வெடிக்கும். ஒவ்வொரு குழாயிலும் சரியாக 240 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. இரண்டு சைலன்சரில் இருந்தும் வரும் அந்தப் படபடப்பை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். வி8 சத்தம் வேறு, இது வேறு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரியாமல் போயிற்று. பழைய மேனிஃபோல்டில் எக்ஸாஸ்ட் சூடுதான் இன்டேக்கின் அடிப்பகுதியைச் சுடவைத்துக்கொண்டிருந்தது. ஹெடர் போட்டதும் அந்தச் சூடு போய்விட்டது. குளிர்ந்த காலையில் பெட்ரோல் ஆவியாகாமல் மேனிஃபோல்டு சுவரில் ஈரமாகத் தங்கி, வண்டி விக்கி விக்கிப் போனது. ரேடியேட்டர் தண்ணீரை மேனிஃபோல்டின் அடியில் சுற்றவிட்ட பிறகுதான் சரியானது.

இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போக வைக்க மீட்டர் எதுவும் வாங்கவில்லை. ஒரு ரப்பர் டியூப். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டிலும் 'உஸ்' சத்தம் ஒரே சுருதியில் வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். அடுத்த மாதம் பிளக்குகளைக் கழற்றி அடுக்கினேன். ஆறும் ஒரே பழுப்பு நிறம்.

*

பரிமாறுவது என்று சொன்னீர்களே, அண்ணா, அதையே பிடித்துக்கொள்கிறேன். பந்தயச் சரித்திரத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. ஹட்சன் ஹார்னெட்டின் 308 கன அங்குல எஞ்சின் பழைய ஃபிளாட்ஹெட் வகை, வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும். போட்டிக்காரர்கள் ஓவர்ஹெட் வால்வு வி8 வைத்திருந்த காலத்தில், 1951-லும் 1953-லும் ஹெர்ப் தாமஸ், 1952-ல் டிம் ஃப்ளாக் என்று அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப்பந்தய ஓட்டுநர் பட்டம் ஹார்னெட் ஓட்டியவர்களுக்கே போனது. காரின் உயரம் குறைவு, வளைவில் நிற்கும் என்பது ஒரு காரணம். 'ட்வின் எச் பவர்' என்று அவர்கள் கொடுத்த இரட்டைக் கார்புரேட்டர் இன்னொன்று.

நான் கட்டியது ஃபோர்டு 300. நான்கு அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), கிட்டத்தட்ட அதே அளவு ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஏழு மெயின் பேரிங். டைமிங் செயின் கிடையாது, கேமைப் பல்சக்கரமே சுற்றும். 1965-ல் வந்து 1996 வரை விற்ற எஞ்சின், அவ்வளவு உறுதி. இதன் தம்பி 240-ன் ஹெட்டில் எரியறை சின்னது. அதை 300 பிளாக்கில் மாட்டினால் கம்ப்ரெஷன் ஏறும். நானும் அதைத்தான் செய்தேன்.

என்னை அலையவிட்டது அதில்லை, டேம்பர்: கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் வளையம். ஸ்பார்க் எப்போது வருகிறது என்று காட்டும் டைமிங் லைட் பிடித்தால் ஒரு நாள் 8 டிகிரி காட்டும், அடுத்த வாரம் 14. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகினேன், புது பாயின்ட் போட்டேன், கேம் பல்சக்கரம் தேய்ந்துவிட்டதோ என்று முன்மூடியைக்கூடக் கழற்றினேன். எல்லாம் நன்றாகவே இருந்தது. கடைசியில் 1-ஆம் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி டேம்பரைப் பார்த்தால், குறி எங்கோ நிற்கிறது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இற்றுப்போய், குறி பொறித்த வெளிவளையம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது.

இன்லைன் சிக்ஸில் டேம்பர் அலங்காரம் இல்லை. கிராங்க் நீளம். ஒவ்வொரு வெடிப்பும் அதைக் கொஞ்சம் முறுக்கும், அது திரும்பி அவிழும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்த முறுக்கலும் அவிழ்தலும் தாளம் சேர்ந்துவிட்டால் கிராங்க் உடையும் அளவுக்குப் போகும். ஆறு சிலிண்டர் வரிசை மற்ற விதத்தில் எவ்வளவு அமைதியோ, இந்த ஒரு விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம். ஆர்பிஎம் கூட்ட நினைப்பவர்கள் கேமுக்குப் பணம் போடும் முன் நல்ல டேம்பர் போடுங்கள். உங்கள் 235-ல் டேம்பர் அழுத்திச் செருகியது மட்டும்தானே, முன்னால் போல்ட் கூடக் கிடையாதே? கிராங்க் முனையில் துளை போட்டு மரை இட்டீர்களா?

*

சிறிய குறிப்புதான். செவ்ரோலெட்டின் பழைய 216 எஞ்சின் வைத்திருப்பவர்கள் 235 பற்றிப் படித்துவிட்டு அதே வேலையை அதில் செய்யாதீர்கள். 216-ல் ராட் பேரிங் என்று தனியாகக் கழற்றிப் போடும் ஓடு கிடையாது. வெள்ளை உலோகத்தை ராடிலேயே உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஆயிலும் அங்கே பிரஷரில் போகாது. ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி, தொட்டியில் இருக்கும் ஆயிலை அள்ளிக்கொள்ள வேண்டும். வேகம் கூடினால் ஆயில் பானில் உள்ள குழாய்கள் அந்தக் கரண்டியை நோக்கிப் பீய்ச்சும். நிதானமாக ஓட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும் ஏற்பாடு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டினால் தட்டல் சத்தம் வந்துவிடும். என்னுடையதில் ராட் மூடிகளில் இருந்து ஒவ்வொரு ஷிம்மாக (மெல்லிய தகடு) எடுத்து இடைவெளியைச் சரிசெய்தேன். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் செய்தது போலவே. இன்றும் மெதுவாக, சந்தோஷமாக ஓடுகிறது. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

*

என் அனுபவம் ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினில். 3.4 லிட்டர், இரட்டை ஓவர்ஹெட் கேம், 1948-ல் வெளிவந்தது. இதே எஞ்சின் குடும்பம்தான் 1951-லும் 1953-லும், பிறகு 1955 முதல் 1957 வரை தொடர்ந்து மூன்று முறையும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. என் கைக்கு வந்தபோது அது பல வருஷம் ஈரத்தில் நின்ற எஞ்சின். ஹெட்டைக் கழற்ற முடியவில்லை. ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு, நடுவில் நீளமான எஃகு ஸ்டட்டுகள். ஸ்டட்டுகளைச் சுற்றி அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, சிமென்ட் போல இறுகியிருந்தது. நெம்பினால் ஹெட்டின் முகம் கெட்டுவிடும். சுத்தியல் எடுக்க மனம் வரவில்லை.

இரண்டு வாரம் தினமும் ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் துரு நீக்கும் எண்ணெய் விட்டேன். ஒன்றும் அசையவில்லை. அப்போது ஒரு பெரியவர் கயிற்று வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கேம் ஷாஃப்ட்டையும் கழற்றிவிட்டால் எல்லா வால்வும் மூடிக்கொள்ளும். பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றைத் திணித்து நிரப்ப வேண்டும். பிறகு கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டனே கயிற்றைத் தள்ளி ஹெட்டைத் தூக்கும். "எந்த சிலிண்டரில் போடுவாய்?" என்று கேட்டார். யோசித்தேன். 1-ம் 6-ம் ஒன்றாக ஏறும் ஜோடி. இரண்டிலும் ஒரே நீளக் கயிறு போட்டால் ஹெட்டின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு எழும்பும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நீளக் கம்பி மாட்டிய ஸ்பானரால் கொஞ்சம் திருப்புவது, நிறுத்துவது, எண்ணெய் விடுவது. மூன்றாம் நாள் 'டொக்' என்று ஒரு சத்தம். கேஸ்கட் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் மாலை ஹெட் கையோடு வந்துவிட்டது, முகத்தில் ஒரு கீறல் இல்லாமல்.

அந்தப் பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் இந்த எஞ்சின் கட்டும் எல்லோருக்கும் பயன்படும். எக்ஸ்கேயில் முதல் சிலிண்டரைப் பின்னால் ஃபிளைவீல் பக்கத்தில் இருந்து எண்ண வேண்டும். நான் பழக்கதோஷத்தில் முன்னால் இருந்தே எண்ணி ஒயர் மாட்டினேன். வரிசை தப்பவில்லை! 1-5-3-6-2-4-ஐப் பின்னால் இருந்து எண்ணினாலும் சுற்றி வந்து அதே 1-5-3-6-2-4 தான், எழுதிப் பாருங்கள். ஆனால் எந்த 1 கம்ப்ரெஷனில் இருக்கிறது என்பதில் குழம்பி, சரியாக 360 டிகிரி தள்ளி மாட்டியிருந்தேன். ஸ்டார்ட்டரைத் தொட்டதும் கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பியது. பக்கத்தில் தீயணைப்பானை வைத்திருந்ததால் பிழைத்தோம். அது இல்லாமல் முதல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

*

எல்லோரும் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. டேம்பர் கேள்விக்குப் பதில்: ஆமாம், கிராங்க் முனையில் துளைத்து மரை போட்டு, தடித்த வாஷரோடு போல்ட் மாட்டினேன்.

இப்போது பெஞ்சில் இருப்பது 261. 235-ன் அண்ணன், லாரிகளுக்காக வந்தது. ஸ்ட்ரோக் அதேதான், போர் மட்டும் 3 9/16-ல் இருந்து 3 3/4 அங்குலம். பலரும் இதில் 235 ஹெட்டைப் போடுகிறார்கள், நானும் போடுகிறேன். ஆனால் போர் பெரிதானதால் இதில் சிலிண்டர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே சேரும் நீராவி வெளியேற பிளாக்கில் சின்னத் துளைகள் இருக்கின்றன, 235 ஹெட்டில் இல்லை. கேஸ்கட்டை அச்சாக வைத்துக் குறித்து, ஹெட்டிலும் துளைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிய ஒரு எஞ்சினைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் கருகியிருந்தது.

துளைகள் நேற்றுப் போட்டு முடித்தேன். புது கேமுக்கும் அதைத் தொட்டு நிற்கும் டாப்பெட்டுக்கும் பேஸ்ட் தடவி வைத்திருக்கிறேன், துத்தநாகம் சேர்ந்த ஆயில் வாங்கியாயிற்று. முதல் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிஷம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேம் முனை தேய்ந்துவிடும். டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு ராக்கரிலும் ஆயில் ஏறி வழிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்கிறேன். தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கும்.